கணுக்கால் உயரத் தீ ஒரு மழைக்காட்டை என்ன செய்யும்?

அமேசான் மழைக்காட்டில் முதல்முறையாகப் பிடிக்கும் தீயைத் தாண்டிக் குதித்துவிடலாம். தழல் 10 முதல் 30 சென்டிமீட்டர் உயரம்தான் எழும். மணிக்கு 15 மீட்டர் அளவில் ஊர்ந்து போகும். இரவில் காற்றில் ஈரம் ஏறியதும் அடங்கிவிடும். ஆனால் விழுந்து கிடக்கும் கட்டைக்குள் கனன்றுகொண்டே இருந்து, மறுநாள் வெயில் ஏறியதும் பக்கத்துச் சருகைப் பற்றிக்கொள்ளும். தொலைக்காட்சியில் நாம் பார்த்துப் பழகிய தீ, மர உச்சிக்கு மர உச்சி தாவும் கலிஃபோர்னியத் தீ, வேறு இனம். இந்தத் தீ கடந்துபோன காட்டை விமானத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலும் பச்சையாகவே தெரியும்.

சாவு பிறகுதான் வருகிறது. பசிபிக் கடல் சூடாகி வெப்பமண்டலத்தின் பல பகுதிகளில் மழை தவறும் நிலையை எல் நினோ என்பார்கள். 1997-98 எல் நினோ வறட்சியில் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதிக் காடுகள் இப்படித்தான் எரிந்தன. ஜோஸ் பார்லோ, கார்லோஸ் பெரெஸ் உள்ளிட்ட சூழலியலாளர்கள் அங்கே போய் மரங்களை எண்ணினார்கள். ஓராண்டில், 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டுப்போயிருந்தன. அதோடு எண்ணிக்கையை நிறுத்தியிருந்தால், பெரிய மரங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன என்ற நிம்மதியான முடிவுக்கு வந்திருப்பார்கள். மூன்றாம் ஆண்டு மறுபடி எண்ணியபோது சாவு பாதியை நெருங்கியிருந்தது. அரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெருமரங்களில் சாவு விகிதம் முதல் எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு. தீ அணைந்து இரண்டு மழைக்காலம் போன பிறகும் காடு செத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

வெப்பமண்டலக் காட்டுத்தீயைப் புரிந்துகொள்ள இந்தத் தாமதம்தான் முக்கியம் என்பது என் எண்ணம். எத்தனை ஹெக்டேர் எரிந்தது, எத்தனை விலங்குகள் கருகின என்று தீ எரியும்போதே கேட்கிறோம். அந்தக் காட்டுக்குரிய உயிர்கள் எவை மிஞ்சின என்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் செய்தி பழசாகிவிடுகிறது.

பட்டையின் கணக்கு

இவ்வளவு சின்னத் தீ நூறடி மரத்தை எப்படிக் கொல்கிறது? அது சின்னதாக, மெதுவாக இருப்பதால்தான். சருகில் ஊர்ந்து வரும் தழல் மரத்தின் அடியில் நெடுநேரம் தங்குகிறது. மரத்தின் உயிர் பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய வளர்திசுவில் இருக்கிறது. பட்டை தடிமனாக இருந்தால் சூடு அதை எட்டுவதற்குள் தீ நகர்ந்துவிடும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்குப் பட்டை சில மில்லிமீட்டர்தான். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் வெந்துவிட்டால் போதும். இலைகள் சில மாதம் பச்சையாக இருக்கும். பிறகு உதிரத் தொடங்கும். எஞ்சியவற்றைப் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன.

பட்டை மெல்லியதாக இருப்பது குறை அல்ல. அந்த மரங்கள் வாழ்ந்த உலகில் தீ மிக அரிது. அமேசானில் மண்ணைத் தோண்டிக் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைப் பார்த்தால், ஒரே இடத்தில் இரண்டு தீக்கு நடுவே பல நூறு ஆண்டுகள், சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் இடைவெளி இருந்திருக்கிறது. மின்னல் விழும், ஆனால் கூடவே மழையும் விழும். மர உச்சிகள் சேர்ந்து கூரைபோல் மூடிய விதானத்துக்குக் கீழே காற்று எப்போதும் நசநசவென்று ஈரமாக இருக்கும். ஈரம் மிகுந்த பகுதிகளில் பட்டை இன்னும் மெல்லியது. அதனால் எரிய மிகக் கடினமான காடே, எரிந்துவிட்டால் மிக மோசமாகச் சாகிறது.

அப்படியானால் தீ எங்கிருந்து வருகிறது? கிட்டத்தட்ட எல்லாமே மனிதன் வைத்தது. மேய்ச்சல் நிலத்தைப் புதுப்பிக்க வைத்த தீ, வெட்டிப் போட்ட மரங்களை எரிக்க வைத்த தீ, சிறு விவசாயி தன் துண்டு நிலத்துக்கு வைத்த தீ. இவை எல்லை தாண்டிக் காட்டுக்குள் நுழைகின்றன. எல்லாக் காட்டிலும் நுழைய முடியாது. கிறிஸ்டோபர் உல், பூன் காஃப்மன் இருவரும் கிழக்கு அமேசானின் பராகோமினாஸ் பகுதியில் செய்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. கைபடாத காடு ஒரு மாதத்துக்கு மேல் மழையில்லாமல் இருந்தாலும் தீப்பற்ற மறுத்தது. தேர்ந்தெடுத்து மரம் வெட்டப்பட்ட காடோ ஒரு வாரம் மழையில்லாவிட்டாலே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. விதானத்தில் ஓட்டை, அதன் வழியே வெயில், தரையில் வெட்டுக்கழிவு. வேறொன்றும் தேவைப்படவில்லை.

போர்னியோ தீவு இதைப் பெரிய அளவில் நிரூபித்துக் காட்டியது. 1982-83 எல் நினோவில் அதன் இந்தோனேசியப் பகுதியைச் சேர்ந்த கிழக்குக் கலிமந்தானில் சுமார் 35 லட்சம் ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. 1997-98-ல் அதே மாகாணத்தில் சுமார் 52 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் பாதி காடு. செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்துக் கணக்கிட்டவர்கள், அண்மையில் மரம் வெட்டப்பட்ட காடுகளே அதிகம் அழிந்தன, பழைய காடுகள் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தன என்று கண்டார்கள். வறட்சி எல்லாருக்கும் ஒன்றுதான். காட்டின் நிலை ஒன்றல்ல.

இரண்டாவது தீ

பட்ட காலிலே படும் என்பது மழைக்காட்டுக்கு அப்படியே பொருந்தும். முதல் தீயில் செத்த மரங்கள் இலையை உதிர்க்கின்றன, கிளையை முறிக்கின்றன, பிறகு தாங்களே விழுகின்றன. விதானம் திறந்து வெயில் தரையைத் தொடுகிறது. ஒரு மாதம் மழையில்லாமல் பற்றாத இடம் இப்போது சில நாட்களிலேயே காய்ந்துவிடுகிறது. எரியப் புதிய விறகும் நிறைய. மார்க் காக்ரேனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999-ல் எழுதிய ஆய்வு இந்தச் சுழலைத்தான் விளக்கியது: எரிந்த காடு மறுபடி எரியும் வாய்ப்பு கூடுகிறது, மறுபடி எரியும்போது தழல் உயரமாகவும் சூடாகவும் இருக்கிறது.

முதல் தீயில் பெரிய, தடித்த பட்டையுள்ள மரங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. இரண்டாவது தீயில் அந்தச் சலுகையும் போய்விடுகிறது. மண்ணின் மேற்பரப்பில் உறங்கும் விதைகளும் வேகின்றன. முதல் தீக்குப் பிறகு அடிமரத்திலிருந்து துளிர்த்தவை, கன்றாக நின்றவை எல்லாம் ஒரே வீச்சில் போகின்றன. மூன்றாம் முறை எரிந்த இடங்களில் பார்லோவும் பெரெஸும் பார்த்த செடிகளுக்கும் எரியாத காட்டின் கன்றுகளுக்கும் இடையே ஏறக்குறைய எந்த ஒற்றுமையும் இல்லை. வேறு இனங்கள், வேறு உயரம், வேறு காடு. அதைக் காடு என்று சொல்லலாமா என்பதே வாதத்துக்குரியது.

மாட்டோ க்ரோசோ மாநிலத்தின் தாங்குரோவில் இதை வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். தலா 50 ஹெக்டேர் கொண்ட மூன்று காட்டுத்துண்டுகள். ஒன்றைத் தொடவில்லை, ஒன்றை ஆண்டுதோறும் எரித்தார்கள், மற்றொன்றை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 2004-ல் தொடங்கிய சோதனை முதல் சில ஆண்டுகளில் பரபரப்பாக எதையும் காட்டவில்லை; அங்கிருந்த மரங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்கின. 2007-ல் கடும் வறட்சி வந்தது. அந்த ஆண்டுத் தீயில் மரச்சாவு திடீரென எகிறியது. ஆண்டுதோறும் எரித்த துண்டைவிட மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரித்த துண்டே மோசமாக அடிவாங்கியது. நடுவில் கிடைத்த ஓய்வில் காடு தேறவில்லை, சருகுதான் சேர்ந்திருந்தது. காட்டின் விளிம்பில் வெளியிலிருந்து புற்கள் நுழைந்தன. புல் வந்தபின் தீயின் கணக்கே மாறிவிடும்: அது வேகமாகக் காயும், உயரமாக எரியும், எரிந்த சில வாரத்தில் மறுபடி முளைக்கும்.

வறட்சியோடு சேராத தீயும் தீயோடு சேராத வறட்சியும் தனித்தனியே மழைக்காட்டை இந்த அளவுக்கு உடைப்பதில்லை. இரண்டும் சேர்ந்துவரும் ஆண்டுகள்தான் ஆபத்து. அந்த ஆண்டுகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்து வருகிறது.

எண்ணிக்கை ஏமாற்றும்

எரிந்த காட்டில் உயிரினங்களை எண்ணப் போனால் முதலில் குழப்பம்தான் மிஞ்சும். சில சமயம் இனங்களின் எண்ணிக்கை குறையாது, கூடியும் இருக்கும். வெயில் வந்ததால் பூக்கும் செடிகள் பெருகி ஹம்மிங் பறவைகள் அதிகம் வருகின்றன. காட்டோரத்துப் பறவைகள் உள்ளே நுழைகின்றன. பட்டியலை மட்டும் பார்ப்பவர், தீ பல்லுயிரை வளர்த்திருக்கிறது என்றுகூட எழுதிவிடலாம்.

பட்டியலில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். அமேசானில் படை எறும்புகளைப் பின்தொடர்ந்தே பிழைக்கும் பறவைகள் உண்டு. எறும்புப் படை தரையில் விரிந்து நகரும்போது சருகுக்குள் இருந்து பூச்சிகளும் சிலந்திகளும் தப்பித்து ஓடும். பறவைகள் முன்னால் தாழ்வான கொம்புகளில் உட்கார்ந்து அவற்றைக் கொத்தும். ஒரு படை ஓய்ந்தால் அடுத்த படையைத் தேடிப் பெரும் பரப்பில் அலைய வேண்டும். நிழலும் ஈரமும் தாழ்ந்த கொம்புகளும் ஆழமான சருகும் இல்லாமல் இந்தப் பிழைப்பு நடக்காது. தீ முதலில் எடுத்துக்கொள்வது இவை நான்கையும்தான். இந்தப் பறவைகளில் பல, வெயில் அடிக்கும் திறந்த வெளியைக் கடக்கவே தயங்கும். எரியாத காடு பக்கத்தில் இருந்தாலும் நடுவில் எரிந்த நிலத்தின் ஒரு கீற்று சுவர்போல நின்றுவிடும். தரையில் இலையைப் புரட்டிப் பூச்சி தேடும் பறவைகளுக்கும் இதே கதி.

எங்கும் வாழக்கூடியவை வருகின்றன, அங்கே மட்டும் வாழக்கூடியவை போகின்றன. கூட்டிக் கழித்தால் கணக்கு சமமாகத் தெரியும். உலக அளவில் பார்த்தால் அது இழப்பு மட்டுமே, ஏனென்றால் வந்த இனங்களுக்கு வேறு ஆயிரம் இடம் இருந்தது.

2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தது. பிரேசிலின் பாரா மாநிலத்தில் 1,538 தாவர இனங்கள், 460 பறவை இனங்கள், 156 சாணவண்டு இனங்களை எடுத்துக்கொண்டு, வெட்டாமல் நிற்கும் காட்டிலேயே தீ, மரவெட்டு, துண்டாடல் ஆகியவற்றால் போன பாதுகாப்பு மதிப்பைக் கணக்கிட்டார்கள். அது 92,000 முதல் 1,39,000 சதுர கிலோமீட்டர் காட்டை முழுதாக அழித்ததற்குச் சமம் என்று வந்தது. 2006 முதல் 2015 வரை பிரேசில் அமேசான் முழுவதும் நடந்த காடழிப்பைவிட இது அதிகம். வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் நடந்த இழப்பு இது.

சாணவண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: குரங்கு பழத்தைத் தின்று விதையைக் கழிக்கிறது, வண்டு சாணத்தை உருட்டியோ தோண்டியோ மண்ணுக்குள் புதைக்கும்போது விதையும் சேர்ந்து புதைகிறது. எலிக்கும் வெயிலுக்கும் தப்பி முளைக்கிறது. 2015-16 எல் நினோ வறட்சியும் தீயும் தாக்கிய சாந்தரேம் பகுதியில் சாணவண்டுகளின் எண்ணிக்கை, 2010-ஐ ஒப்பிட, 2017-ல் பாதிக்கும் கீழே போயிருந்தது. எரியாமல் வறட்சியை மட்டும் பார்த்த காடுகளிலும் சரிவு இருந்தது என்பது கூடுதல் கவலை.

பழத்தின் கதையும் இதோடு பிணைந்தது. பெரிய விதையுள்ள பழ மரங்கள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை, கனத்த மரம் கொண்டவை. அவை சாகும்போது பழம் குறைகிறது. பழம் தின்னும் பெரிய குரங்குகளும் பறவைகளும் விலகுகின்றன. விலகியதால் அந்த மரங்களின் விதை திரும்பி வருவதில்லை. அவற்றின் இடத்தில் செக்ரோப்பியா போன்ற, சிறுவிதையை வௌவால் தூவும் அவசர மரங்கள் எழுகின்றன. பத்து ஆண்டில் பசுமை திரும்பிவிட்டது என்று தோன்றும். ஆனால் எரிந்த அமேசான் காடுகளில் 31 ஆண்டுகளுக்குப் பிறகும் மரங்களில் தங்கிய கார்பன், எரியாத காட்டைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது.

நீரும் மண்ணும் எரியும் இடங்கள்

மழைக்காடு என்று பொதுவாகச் சொன்னாலும் தீ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மிக மோசமானவை இரண்டு, இரண்டுமே தண்ணீரில் நிற்கும் காடுகள் என்பதுதான் வேடிக்கை.

தென்கிழக்காசியாவின் பீட் சதுப்புக் காடுகளில் மண் என்பதே பாதி மக்கிய இலையும் கட்டையும்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் மூழ்கியிருந்ததால் முழுதாக மக்காமல் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்தது. நீர் இருக்கும்வரை அது எரியாது. 1996-ல் சுகார்தோ அரசு மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டியது. நெல் விளையவில்லை, நீர் வடிந்தது. மறு ஆண்டே எல் நினோ. 1997-ல் இந்தோனேசியாவின் பீட் தீ வெளியிட்ட கார்பன், அந்த ஆண்டு உலகம் எரித்த புதைபடிவ எரிபொருளின் உமிழ்வில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று மதிப்பிடப்பட்டது.

பீட் தீ தரைக்குக் கீழே புகைந்தபடி நகரும். வேர்கள் எரிந்துபோய், இலை பச்சையாக இருக்கும் மரமே சாயும். கீழே இருந்த கரிய, அமில நீரில் மட்டும் வாழும் மீன்கள் உண்டு. சுமத்ராவின் இத்தகைய சதுப்பிலிருந்து 2006-ல் அறிவியலுக்கு அறிமுகமான பீடோசிப்ரிஸ் என்ற மீனின் முதிர்ந்த பெண் 7.9 மில்லிமீட்டர்தான், முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. நீர் வடிந்து எரிந்த சதுப்பில் அதற்குப் போக வேறு இடம் இல்லை. அதைப் படமெடுத்துப் போடவும் ஆளில்லை.

புகை இன்னொரு தனிக் கணக்கு. 2015-ல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தபோது, கலிமந்தானின் துவானான் ஆய்வுத்தளத்தில் ஒராங்குட்டான்களைக் கவனித்து வந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். அவற்றின் மரங்கள் எரியவில்லை. ஆனாலும் வளர்ந்த ஆண்கள் புகைக்காலத்திலும் அதன் பின்னும் அதிகம் ஓய்வெடுத்தன. உடல் தன் கொழுப்பையே கரைத்து எரிப்பதைச் சிறுநீர் காட்டியது. சபாங்காவ் காட்டில் கிப்பன் குரங்குகள் புகை நாட்களில் குறைவாகவே பாடின. பாட்டுதான் கிப்பன் ஜோடி தன் எல்லையை அறிவிக்கும் வழி. ஆக, எரிந்த பரப்பை மட்டும் வைத்துப் பாதிப்பை அளப்பது எப்போதும் குறைவாகத்தான் வரும்.

இரண்டாவது இடம் அமேசானின் ரியோ நீக்ரோ போன்ற கருநீர் ஆறுகளின் வெள்ளக்காடு. ஆண்டில் பாதி நாள் நீருக்குள் நிற்கும் மரங்கள். நீர் வடிந்த மாதங்களில் தரையில் பாய்போல் பின்னிய வேரும் சருகும் காய்கின்றன. தீ அதன் வழியே பரவி வேரையே எரிக்கிறது. மேட்டுநிலக் காட்டைவிட இங்கே மரச்சாவு மிக அதிகம். சத்தில்லாத மண், அடுத்த வெள்ளத்தில் அதுவும் அரித்துப்போகிறது. பார்செலோஸ் பகுதியில் இருமுறை எரிந்த இடங்கள் புல்லும் சிதறிய மரங்களும் மட்டும் உள்ள வெண்மணல் சவானாவாக மாறிவருவதை பெர்னார்டோ ஃபுளோரெஸ் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். விவசாய எல்லையிலிருந்து வெகுதூரம், அமேசானின் நட்ட நடுவே.

தீ வேண்டும் நிலங்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் தவறான படம் கிடைக்கும். வெப்பமண்டலத்தில் எல்லா நிலமும் தீக்கு அஞ்சுவதில்லை. பிரேசிலின் செராடோ சவானாவில் 12,000 அளவிலான தாவர இனங்கள் உண்டு. பலவற்றுக்குத் தக்கைபோல் தடித்த பட்டை, சில மண்ணுக்கடியில் உடலைப் பரப்பி மேலே கொம்பை மட்டும் நீட்டுபவை. தீ போன சில வாரத்தில் பூத்துக் குலுங்கும் இனங்கள் பல. அங்கே பல பத்தாண்டுகள் தீயை முற்றாகத் தடுத்த ஓர் இடத்தில் மரங்கள் அடர்ந்து நிழல் கவிந்தபோது, தாவர இனங்கள் 27 சதவீதமும் எறும்பு இனங்கள் 35 சதவீதமும் குறைந்தன என்று 2017 ஆய்வு ஒன்று சொன்னது. கார்பன் கூடியது, உயிர்கள் குறைந்தன.

தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள இலையுதிர் காடுகளின் மரங்களும் தீயோடு பழகியவை. அங்கே கேள்வி தீ வரலாமா என்பதல்ல. எந்த மாதத்தில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு சூடாக என்பது. உண்ணிச்செடி போன்ற அயல் புதர்கள் நிரம்பிய காட்டில் பழைய இடைவெளியில் வரும் பழைய தீயும் புதிய உக்கிரத்தோடு எரியலாம்.

பிரேசிலின் பந்தனால் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அந்தப் பெரும் ஈரநிலத்துக்குத் தீ புதிதல்ல, ஆனால் 2020-ல் வந்த அளவு புதிது. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எரிந்தது. ஆய்வாளர்கள் தீ கடந்த 48 மணி நேரத்துக்குள் கோடு பிடித்து நடந்து செத்த விலங்குகளை எண்ணி, மொத்தம் சுமார் 1.7 கோடி முதுகெலும்பிகள் நேரடியாக இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். உலகம் ஜாகுவாரின் வெந்த பாதங்களைப் பார்த்தது. பட்டியலில் மிக அதிகம் இருந்தவையோ சிறு பாம்புகள். இந்த எண்ணும் அந்த 48 மணி நேரத்துக்கு உரியதுதான். பிறகு பசியால் செத்தவை அதில் இல்லை.

ஒருமுறை எரிந்த காட்டின் விலை

அமேசானில் 2001-க்குப் பின் தீ தொட்ட மழைக்காடு 1,03,000 முதல் 1,90,000 சதுர கிலோமீட்டர் வரை இருக்கும் என்று 2021-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அழிவின் விளிம்பில் இருப்பவை எனப் பட்டியலிடப்பட்ட இனங்களில் முக்கால் பங்குக்கும் மேலானவற்றின் வாழிடத்தை அது ஏதோ ஓர் அளவில் தொட்டிருக்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: 2000-களின் நடுவில் பிரேசில் காடழிப்புச் சட்டங்களை இறுக்கியபோது தீயின் தாக்கம் தணிந்தது, 2019-ல் பிடி தளர்ந்தபோது மறுபடி எழுந்தது. வானிலை கைக்கு எட்டாதது, தீக்குச்சி அப்படியல்ல.

ஆனால் காடழிப்பை நிறுத்தினால் தீயும் தானாக நின்றுவிடும் என்று நம்பவும் இடமில்லை. 2015-16-ல் கீழ்த் தபாஜோஸ் பகுதியில், பிரேசில் அமேசானின் 1.2 சதவீதம் மட்டுமே உள்ள ஒரு பரப்பில், வறட்சியும் தீயும் சுமார் 250 கோடி மரங்களையும் கொடிகளையும் கொன்றன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தரவுப்படி 2024-ல் உலகம் 67 லட்சம் ஹெக்டேர் வெப்பமண்டல முதன்மைக் காட்டை, அதாவது இதுவரை அழிக்கப்படாத பழங்காட்டை, இழந்தது. அதில் ஏறக்குறைய பாதிக்குத் தீ காரணம். அந்தக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து விவசாயத்தை முந்தி தீ முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான்.

எனவே இன்று வெப்பமண்டலத்தில் மிகப் பெரும் பரப்பு ஒருமுறை எரிந்த காடாக நிற்கிறது. சட்டமும் சந்தையும் அதைக் கெட்டுப்போன சரக்காகத்தான் பார்க்கின்றன: ஏற்கெனவே எரிந்ததுதானே, வெட்டி மேய்ச்சலாக்கினால் என்ன என்று. அறிவியல் சொல்வது நேர்மாறு. ஒருமுறை எரிந்த காட்டில் அசல் இனங்களில் கணிசமானவை இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் எரியாத காடு இருந்தால் விதை வரும் வழியும் இருக்கிறது. தாங்குரோவின் எரிந்த காட்டில் டேப்பிர் என்னும் பெரிய தாவரஉண்ணி எரியாத காட்டைவிட அதிக நேரம் செலவழித்தது. ஒரு ஹெக்டேரில் அது விட்ட விதைகள் மும்மடங்குக்கு மேல். காடு தன்னைத் தைத்துக்கொள்ளும் வேலை தொடங்கிவிடுகிறது. இரண்டாவது தீ வந்தால் அந்த வேலை முழுதும் வீண். காவலுக்குப் பணம் குறைவாக இருந்தால், கைபடாத காட்டுக்கு அடுத்து நான் காவல் போடுவது சென்ற வறட்சியில் எரிந்த காட்டுக்குத்தான்.

நடைமுறையில் அது என்ன என்பது இடத்தைப் பொறுத்தது. பீட் நிலத்தில் கால்வாயை அடைத்து நீர்மட்டத்தை ஏற்ற வேண்டும். 2015 தீக்குப் பிறகு 2016 ஜனவரியில் இந்தோனேசியா அதற்கென்றே பீட் மீட்பு முகமை ஒன்றை அமைத்தது. மழைக்காட்டின் விளிம்பில், வறண்ட மாதங்களில் மேய்ச்சல் தீயை நிறுத்திவைப்பதும், அந்தந்த ஊர்க்காரர்களைக் கொண்ட தீயணைப்புக் குழுக்களும் வேலை செய்யும். சிறு தழலாக இருக்கும்போது மழைக்காட்டுத் தீயைச் சருகைக் கூட்டித் தரையில் ஒரு கோடு போட்டே நிறுத்திவிட முடியும். சவானாவில் ஈரம் இருக்கும் மாதத்தில் முன்கூட்டியே திட்டமிட்டு எரிப்பதுதான் பாதுகாப்பு, பழங்குடியினர் நெடுங்காலமாகச் செய்துவந்த முறை அது. பிரேசில் 2024 ஜூலையில் இயற்றிய ஒருங்கிணைந்த தீ மேலாண்மைச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது: எந்த நிலத்தில் தீயைத் தடுப்பது, எந்த நிலத்தில் தீயைக் கையாள்வது என்று பிரித்துப் பார்க்கிறது.

கண்காணிப்பிலும் ஒரு பழைய ஓட்டை இருக்கிறது. பிரேசிலின் ப்ரோடெஸ் அமைப்பு 1988 முதல் ஆண்டுதோறும் முழுதாக வெட்டி அழித்த காட்டைக் கணக்கிடுகிறது. உலகம் மேற்கோள் காட்டும் எண் அதுதான். விதானத்துக்குக் கீழே ஊர்ந்த தீ அந்த எண்ணில் வராது. தெற்கு அமேசானில் 1999 முதல் 2010 வரை அப்படி அடிக்காட்டில் எரிந்தது 85,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று பிற்பாடு தனியாகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்துதான் தெரிந்தது. காடழிப்பு குறைந்த ஆண்டுகளிலும் அது எரிந்துகொண்டிருந்தது.